கேள்வி கேட்காத மெஷின்

பக்தவத்சலம் சார் இந்தத் தீவுகளுக்கு முதலில் தகரம் சப்ளை செய்ய வந்தவர். சுனாமி முடிந்த கையோடு சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு வந்து இறங்கிய கான்ட்ராக்டர்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர். தற்காலிகக் கொட்டகைகளுக்கு அவர் கொடுத்த தகரம் முதல் மழைக்கே துருப்பிடித்தது. வேறு ஆளாக இருந்தால் அடுத்த கப்பலிலேயே மெயின்லேண்டுக்கு ஓடியிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். தகரம் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, சாஃப்ட்வேர் துருப்பிடித்தால் எவனுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். மனிதர் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கம்பெனியின் ஒரே புரோகிராமர் நான். விஜயகுமாரி. புரோத்ராபூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு ஜங்லிகாட் ஆபீசுக்கு வருகிறவள். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். நான் இங்கே பிறந்தவள். ஹிந்தியில் பேரம் பேசுவேன், தமிழில் திட்டுவேன். எனக்கு உதவியாக டைப் அடிக்க புஷ்பா என்று ஒருத்தி. கம்பெனியே அவ்வளவுதான். ஆனால் வாசல் போர்டில் 'டெக்னாலஜி குரூப்' என்று இருக்கும்.

2009இல் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத் தீவு. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களை அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்காக அங்கே குடிவைத்திருந்தார்கள். அலை வந்து பலரை வீடு வாசலோடு கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் நாலு வருஷமாகத் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தார்கள். இப்போது மேட்டு நிலத்தில் அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டியாகிவிட்டது. 214 குடும்பம், 214 வீடு. தோட்டத்து ஊழியர்கள் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கித் தலையை எண்ணிச் சொன்ன எண்ணிக்கை அது.

அப்படியே சாவியைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் டெல்லியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் தயாரித்த பட்டியல் இல்லாமல் ஒரு சாவியும் கொடுக்கக் கூடாதாம். ஆளைப் பார்த்து எண்ணியதை, ஆளையே பார்க்காத ஒன்று சரிபார்க்க வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றம். உத்தரவு எந்தத் துறைக்கு வந்தது என்று சொல்லமாட்டேன், எனக்கும் குடும்பம் குட்டி இருக்கிறது. அந்தத் துறையின் உதவி இயக்குநர் உதயசூரியன், பக்தவத்சலம் சாரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். சார் வந்து என் மேஜையில் மூன்று கட்டுக் காகிதத்தைப் போட்டார்.

ஒன்று ரேஷன் அட்டைப் பட்டியல். ஒன்று தோட்டத்தில் பேர் பதிந்த பட்டியல். இன்னொன்று நிவாரண முகாம் பட்டியல். ஒரே ஆள் மூன்றிலும் இருப்பார். மூன்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு வரியாக ஆக்க வேண்டும். கேட்கச் சின்ன வேலைதான்.

இதில் இரண்டு விதமான தப்பு நடக்கலாம். ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடலாம். அப்போது சர்க்காருக்கு ஒரு வீடு நஷ்டம். இரண்டு ஆளை ஒரே ஆளாக எண்ணிவிடலாம். அப்போது ஒருத்தர் நடுத்தெருவில் நிற்பார். இரண்டையும் அடியோடு தவிர்க்க எந்தக் கொம்பனாலும் முடியாது. எந்தத் தப்பு நடந்தால் பரவாயில்லை என்று முன்னாலேயே முடிவு செய்துவைப்பதைத்தான் நாங்கள் கௌரவமாக டிசைன் என்கிறோம்.

நான் எழுதிய புரோகிராம் ஒழுங்கானது. பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடும். ஆனால் ஒரே பட்டியலுக்குள்ளேயே அப்படி இரண்டு வரி வந்தால் சேர்க்காது, நின்றுவிடும். 'இவர்கள் இருவரா, அல்லது ஒருவரையே இரண்டு தடவை எழுதிவிட்டார்களா?' என்று திரையில் கேட்கும். யாராவது விசாரித்துப் பதில் சொன்னால்தான் மேலே நகரும்.

புஷ்பா எல்லாவற்றையும் டைப் அடித்து முடித்த அன்று பக்தவத்சலம் சார் ஒத்திகை பார்க்க வந்தார். மறுநாள் காலை டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அவர் கையால் பட்டனை அமுக்கப் போகிறார். சார் பட்டனை அமுக்கினார். புரோகிராம் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"ஏன்மா நிக்குது?" என்றார்.

"கேள்வி கேக்குது சார்."

"யாரை?"

"நம்மளத்தான். ஒரே லிஸ்ட்ல ஒரே பேர் ரெண்டு தடவை வருது. ஆள் ரெண்டா, ஒண்ணான்னு கேக்குது."

"நமக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதான் சார். தீவுக்குப் போய்ப் பார்த்துட்டு வரணும். மொத்தம் பத்தொன்பது கேள்வி. கப்பல் டிக்கெட் கிடைச்சுப் போய்ட்டு வர மூணு வாரம் ஆகும்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரல் வந்துவிட்டது அவருக்கு. "விஜயா, நான் சொல்றதக் கேளு. கேள்வி கேக்குற மெஷினை எவன்மா வாங்குவான்? கேள்வி கேக்கத்தான் கவர்மென்ட்ல அத்தனை ஆபீசர் இருக்கான். மெஷின்னா டக்குன்னு பதில் சொல்லணும். டெல்லி சார் அமுக்கின விரலை எடுக்கறதுக்குள்ள லிஸ்ட் வந்து விழணும்."

"தப்பா விழுந்தா சார்?"

"விழட்டும்மா. அப்புறம் சரி பண்ணிக்கலாம். வெர்ஷன் டூன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

தகரத்துக்கு வெர்ஷன் டூ வந்ததா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. சம்பளம் வாங்குகிற நாக்கு, அடக்கிக்கொண்டேன்.

மாற்றியது ஒரே ஒரு வரி. சந்தேகம் வந்தால் நின்று கேள் என்று இருந்ததை, சந்தேகம் வந்தால் ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போ என்று ஆக்கினேன். சார் மிரட்டித்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பொய். எனக்கே அது நியாயமாகப் பட்டது. பெயர் ஒன்று, புருஷன் பெயர் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. எவனோ ஒரு குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் ஒரே ஆளை இரண்டு தடவை எழுதியிருக்கிறான், வேறு என்ன இருக்கப்போகிறது? அன்றைக்கு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இருந்தது.

மறுநாள் டெல்லி அதிகாரி பட்டனை அமுக்கினார். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து விழுந்தது. 195 பெயர்.

"வீடு 214 இல்லையா? மீதிப் பத்தொன்பது எங்கே?" என்று அவர் ஹிந்தியில் கேட்டார்.

பக்தவத்சலம் சார் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். உதயசூரியன்தான் சமாளித்தார். அரசாங்கத்தில் இருபது வருஷம் சும்மாவா குப்பை கொட்டினார்? "சர், டூப்ளிகேட். நம்ம சிஸ்டம் கண்டுபிடிச்சிருக்கு" என்று ஹிந்தியில் சொன்னார்.

"பஹுத் அச்சா" என்றார் டெல்லிக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். சமோசா வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் செய்தி. 'பத்தொன்பது போலிப் பயனாளிகள்: கணினி கண்டுபிடித்தது.' உதயசூரியனுக்குப் பாராட்டுக் கடிதம். எங்கள் சாருக்கு மேலும் இரண்டு வேலை. நான் செய்த தப்பு மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனது. அன்றைக்கு எனக்கு வந்த சமோசாவை நானும் தின்றேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, இரண்டு பெண்கள் ஆபீசுக்கு வந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தொடும் வயது. கையில் துணிப்பை. கப்பலில் இரண்டு நாள் டெக்கில் படுத்துக்கொண்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அரசாங்க ஆபீசுக்குப் போகாமல் எங்களிடம் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால், போலி என்று அவர்களுக்குப் போன கடிதத்தின் அடியில் 'இப்பட்டியலைத் தயாரித்தவர்கள்' என்று எங்கள் கம்பெனி பெயரும் விலாசமும் கொட்டை எழுத்தில் இருந்தது. விளம்பரமாக இருக்கட்டும் என்று பக்தவத்சலம் சார் சண்டை போட்டு வாங்கிய இடம் அது.

"நான் அங்கம்மா, தாயி" என்றாள் உயரமாக இருந்தவள். "இவளும் அங்கம்மாதான். பால் வெட்டுற அங்கம்மான்னா நானு. புள்ளைக்காம்பரா அங்கம்மான்னா இவ."

தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்குப் பெயர் புள்ளைக்காம்பரா. அதைப் பார்த்துக்கொள்கிற வேலை இரண்டாமவளுக்கு. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"அழகர்சாமி."

"இவங்க வீட்டுக்காரர்?"

"அவரும் அழகர்சாமிதான். ரெண்டு பேருமே அலையில போயிட்டாங்க. கொலசாமி பேருதான தாயி வைப்பாங்க? எங்க தோட்டத்துல அழகர்சாமி மட்டும் ஒம்பது பேரு இருந்தாங்க."

அட்டையைக் கேட்டேன். இரண்டிலும் பிறந்த தேதி 1-1-1951.

"ரெண்டு பேரும் ஒரே நாள்லயா பொறந்தீங்க?"

பால் வெட்டுகிற அங்கம்மா சிரித்தேவிட்டாள். "நாங்க மட்டுமா? தோட்டமே ஒரே நாள்லதான் பொறந்துச்சு. கப்பல்லருந்து எறக்கி வரிசையா நிக்க வச்சுப் பேரு பதிஞ்சாங்க. பொறந்த நாளு என்னான்னு கணக்கப்புள்ள கேக்குறாரு. எவளுக்குத் தெரியும்? நல்ல மழை வேற. அவரும் பாத்தாரு, எல்லாத்துக்கும் சனவரி ஒண்ணுன்னு போட்டாரு. வருசத்துக்கு ஆளை ஒரு பார்வை பாப்பாரு. இடுப்புல புள்ள இருந்தா இருவத்தஞ்சு வயசு. புள்ள கையப் புடிச்சு நடந்து வந்தா முப்பது."

"உங்களுக்கு இடுப்புல புள்ளை இருந்துச்சா?"

"எனக்கு அப்பக் கல்யாணமே ஆகல தாயி. இவளுக்கு ரெட்டைப் புள்ள. ஒண்ணு அவ இடுப்புல, ஒண்ணு என் இடுப்புல."

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பிறந்த தேதியை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். 214 பேரில் 206 பேர் ஜனவரி ஒன்றாம் தேதி. பக்கத்தில் நின்ற புஷ்பா, "நான் அன்னைக்கே பாத்தேன்க்கா. எல்லாம் ஒரே தேதியா இருந்துச்சு, காப்பி பண்ணிப் பண்ணிப் போட்டேன். அதான் சீக்கிரமா முடிச்சேன்" என்றாள். பெருமையாக வேறு சொன்னாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தக் கணக்கப்பிள்ளைக்கு மழை, புஷ்பாவுக்குக் கைவலி, எனக்கு ஐந்தரை பஸ். எங்கள் மூவருக்கும் சீக்கிரம் முடிந்தது.

அங்கம்மா கதை இப்படி நின்றது. பட்டியலில் எண்பத்தேழாம் நம்பர் வீடு அங்கம்மா, க/பெ அழகர்சாமி என்று ஒரு வரி. எந்த அங்கம்மா என்று ஆண்டவனுக்கும் தெரியாது. புள்ளைக்காம்பரா அங்கம்மாவுக்கு மருமகளும் பேரப்பிள்ளைகளுமாக ஏழு உருப்படி என்பதால், அந்த வீட்டை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று மற்றவள் சொல்லிவிட்டாள். பக்கத்து எண்பத்தெட்டாம் நம்பர்தான் பால் வெட்டுகிற அங்கம்மாவுக்கும் அவள் மகள் நீலாவதிக்கும் வர வேண்டியது. அது இப்போது 'உபரி' என்று பூட்டிக் கிடக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி எல்லோருக்கும் சாவி. அன்றைக்கே தகரக் கொட்டகைகளைப் பிரிக்கிறார்கள்.

"அதுக்குள்ள என் பேரு ஏறிரணும் தாயி. இல்லாட்டி நானும் என் மகளும் எங்க போய் நிக்கிறது?" என்றாள்.

பக்தவத்சலம் சாரிடம் ஓடினேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "பாவம்தாம்மா. ஆனா அந்தப் பத்தொம்போது பேரும் நிஜம்னு இப்பச் சொன்னா, நாம போலின்னு ஆயிடுவோமே" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உதயசூரியனிடம் போனேன். மனிதர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அட்டைகளை வாங்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் தட்டினார்.

"சிஸ்டம்ல ஒருத்தர்தான் வர்றாங்க மேடம்."

"சார், உங்க எதிர்ல ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க."

"அது இன்னைக்கு. டேட்டா ஃப்ரீஸ் பண்ணது போன மாசம்" என்றார். பிறகு பியூனைக் கூப்பிட்டு இரண்டு அம்மாக்களுக்கும் டீ சொன்னார். டீக்கு மட்டும் இரண்டு பேர் என்று ஒப்புக்கொண்டார்.

நான் பத்தொன்பது பேர் விவரத்தையும் எழுதி அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைப் படித்தார். "நல்ல ரிப்போர்ட் மேடம். தேதி மட்டும் போடாம வச்சிருங்க" என்றார். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தேக்கியே, பாருங்க, நானும் மனுஷன்தான். டெல்லி வரைக்கும் போனதை நான் திருப்ப முடியாது. ஆனா சாவி குடுத்து ஒரு மாசத்துல ஃபீல்ட் வெரிஃபிகேஷன் இருக்கு. அப்ப வீடு இல்லாம ஒருத்தர் நின்னாக்கூடப் போதும், அங்கேயே உங்க சிஸ்டத்துல பதிவு பண்ணுங்க. நான் எண்பத்தெட்டைத் திறந்து குடுத்துடறேன். பக்கா."

நான் நம்பினேன். படித்த முட்டாள் நம்புகிற மாதிரி வேறு யாராலும் நம்ப முடியாது. வெளியே வந்து அங்கம்மாவிடம், "ஒரு மாசம் மட்டும் எப்படியாவது தள்ளுங்கம்மா. நானே நேர்ல வந்து பதிஞ்சு தர்றேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

"நீ வருவியா தாயி?"

"வருவேன்."

"சரி" என்றாள். ஹட்டோ ஜெட்டியில் அவர்களுக்குக் கப்பல் கிடைக்க ஐந்து நாள் ஆயிற்று.

வெரிஃபிகேஷனுக்கான புரோகிராமை நானே எழுதினேன். இந்தத் தடவை யாருக்கும் பயப்படவில்லை. வீட்டுக்கு வீடு மூன்று கேள்வி. பட்டியலில் உள்ளவர் இங்கே குடியிருக்கிறாரா? இந்த வீட்டுக்கு வேறு யாராவது உரிமை கேட்கிறார்களா? வீடு இல்லாதவர் யாராவது இருக்கிறார்களா? பதில் போடாமல் நகரவே முடியாது. பக்தவத்சலம் சார் முணுமுணுத்தார், நான் காதில் வாங்கவில்லை. நானே போகிறேன் என்று அடம்பிடித்து லேப்டாப்போடு கப்பல் ஏறினேன். துறையிலிருந்து வெள்ளைச்சாமி என்ற கள உதவியாளரும் உடன் வந்தார். நல்ல மனிதர், நடு அந்தமானில் ரங்கத்துக்காரர், சர்வீஸில் பாதியைக் கப்பலிலேயே கழித்தவர்.

கப்பலில் அவர் ஒரு கவரைப் பிரித்து, உள்ளே இருந்த சுற்றறிக்கையை எனக்குப் படித்துக்காட்டினார். கிளம்புகிற அன்றுதான் உதயசூரியன் அதைக் கொடுத்தாராம். ஒரு வீட்டுக்கோ, பட்டியலில் அதற்கு உள்ள பெயருக்கோ ஒருவருக்கு மேல் உரிமை கேட்டால், விசாரணை முடியும்வரை அந்த வீட்டைப் பூட்டி சீல் வைக்க வேண்டும். குடியிருப்பவர் வெளியேற வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கேள்வி கேட்பதற்கு முன் இதைப் படித்துக்காட்ட வேண்டும்.

"விசாரணை எங்க நடக்கும்?" என்றேன்.

"போர்ட் பிளேயர்ல."

"எத்தனை நாள் ஆகும்?"

வெள்ளைச்சாமி கடலைப் பார்த்துக்கொண்டு, "எங்க சித்தப்பா சௌல்தாரில ஒரு நிலத்துக்குக் குடுத்த மனு இன்னும் நடக்குது மேடம். சித்தப்பாதான் இல்ல" என்றார்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கப்பல் ஆடிய ஆட்டத்தில் குடலே வெளியே வந்துகொண்டிருந்தது, மூளை எங்கே வேலை செய்யும்?

மேட்டில் வீடுகள் வரிசையாக நின்றன. பார்க்க நன்றாகவே இருந்தன. தகரக் கொட்டகைகள் இருந்த இடம் வெறும் மண். பூட்டிய பத்தொன்பது வீடுகளில் ஒன்றில் 'ஆய்வு மாளிகை' என்று போர்டு தொங்கியது. இன்னொன்றில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சிமென்ட் மூட்டை. மூட்டையெல்லாம் யாருடையது என்று விசாரித்தேன். பக்தவத்சலம் சாருடையதாம்.

பெயர் இரண்டு தடவை வந்த வீடுகளிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வாசலில் வெள்ளைச்சாமி சுற்றறிக்கையைப் படித்தார். சீல் என்ற வார்த்தை வந்ததும் வீட்டுக்குள் இருந்த பேச்சு நின்றது. உள்ளே இரண்டு குடும்பம் இருப்பது பார்த்தாலே தெரிந்தது. இரண்டு அடுப்பு, இரண்டு கொடியில் துணி. "இவங்க யாரு?" என்று கேட்டேன். "சொந்தக்காரங்க, சும்மா வந்திருக்காங்க" என்றார் வீட்டுக்காரர். சும்மா வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

அடுத்த வாசலில் அதே கதை. அதற்கடுத்த வாசலிலும் அதே. சேர்த்துக்கொண்டவனும் உண்மையைச் சொல்லமாட்டேன் என்கிறான், சேர்ந்துகொண்டவனும் சொல்லமாட்டேன் என்கிறான். சொன்னால் இருக்கிற ஒரு வீடும் போய்விடும். இப்படி ஒரு கண்ணியை வைத்துவிட்டு, உதயசூரியன் ரொம்ப நல்ல மனுஷன் மாதிரி டீ வாங்கிக் கொடுத்தாரே, அவரை என்ன செய்தால் தகும்?

மத்தியானச் சாப்பாட்டின்போது வெள்ளைச்சாமி விரல் விட்டு எண்ணினார். "சந்தேக வீடு பதினொண்ணு பாத்தாச்சு, பதினொண்ணும் க்ளியர். வீடு இல்லாதவங்க ஒருத்தர்கூட இல்ல. உங்க சிஸ்டம் பக்கா மேடம், ஒரு தப்பு இல்ல" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா தெரியவில்லை.

எண்பத்தேழாம் வீட்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. பால் வெட்டுகிற அங்கம்மா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள். வாசலுக்கு வந்து நின்றாள். பின்னால் புள்ளைக்காம்பரா அங்கம்மா, நீலாவதி, மருமகள், குழந்தைகள். இரண்டு அறையில் ஒன்பது பேர். எட்டி உமிழ்ந்தால் விழுகிற தூரத்தில் எண்பத்தெட்டு பூட்டிக் கிடந்தது.

வெள்ளைச்சாமி சுற்றறிக்கையைப் படித்து முடித்தார். அங்கம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். சீல் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். அவர் விளக்கினார்.

"இந்த வீட்டு அங்கம்மா யாரு?" என்று கேட்டார்.

புள்ளைக்காம்பரா அங்கம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மற்றவள் முந்திக்கொண்டாள். "இவதாங்க."

"நீங்க?"

"நான் விருந்தாளிங்க."

"பேரு?"

கொஞ்சம் யோசித்தாள். "நீலாவதியோட அம்மான்னு போட்டுக்குங்க."

"எப்ப ஊருக்குப் போறீங்க?"

"கப்பல் கெடைச்சாப் போயிருவேன்."

இந்தத் தீவுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளைச்சாமி மேலே எதுவும் கேட்கவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, என்ன சொல்றீங்க? அது உங்க வீடு. நான் இதுக்குத்தான் வந்திருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ரெண்டு பேர்னு பதிஞ்சுடறேன்" என்றேன். விரல் மூன்றாவது கேள்வியில் நின்றது. வீடு இல்லாதவர் யாராவது இருக்கிறார்களா? ஆம் என்று போட்டால் எண்பத்தேழுக்குச் சீல். ஒன்பது பேரும் மழையில். இல்லை என்று போட்டால் எண்பத்தெட்டு என்றைக்கும் இவளுக்கு இல்லை. புரோகிராம் காத்துக்கொண்டிருந்தது. பதில் போடாமல் நகரவே முடியாதபடி எழுதியவள் நான்தான்.

அங்கம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு அது படிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"இப்ப என்னாத்துக்கு யோசிக்கிற தாயி?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "யோசிக்க வேண்டிய அன்னைக்கு யோசிச்சிருக்கணும். இன்னைக்குச் சட்டுன்னு போட்டுட்டுப் போயிரு. நீ நின்னுக்கிட்டே இருந்தா, இவளுக்கும் இல்லாமப் போயிரும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது என்று சொன்னால் நாடகம். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இல்லை என்று போட்டேன். உள்ளே போன புள்ளைக்காம்பரா அங்கம்மா அழுவது மழையிலும் கேட்டது. வெள்ளைச்சாமி குடையை விரித்துக்கொண்டு எண்பத்தொன்பதாம் வீட்டுக்கு நடந்தார்.